டத்தோ ஜிஏபிடிஎச் அவர்களுக்குப் பதவி நீட்டிப்பு

அடுத்த பட்டமளிப்புப் பட்டியல் வெளிவருவதற்குள் ஒரு பெயரைச் சேர்த்துவிட வேண்டும். பெயர்: ஜிஏபிடிஎச். ஊர்: மாடு, மனிதன், எலி என்று பேதம் பார்க்காமல் எல்லா உயிரணுவும். தொழில்: சர்க்கரையை உடைத்துச் சக்தியாக்கும் நொதி ஒன்றுக்கான மரபணு. கௌரவ உத்தியோகம்: ஆய்வுக்கூடங்களில் மற்ற மரபணுக்களை அளக்கும்போது நடுவராக உட்கார்வது. இந்த நடுவர் பதவிக்கு நேர்முகத் தேர்வு நடந்ததா, விண்ணப்பம் போட்டவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்காதீர்கள். நம் நாட்டில் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு. அரண்மனையைத் தொந்தரவு செய்யாமல், ஈப்போக்காரன் என்ற ஒரே தகுதியில், அவருக்கு டத்தோ பட்டத்தை நானே கொடுத்துவிட்டேன்.

டத்தோவின் உத்தியோகத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். மாட்டின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. ஈரலிலும் அதே தொகுப்பு, மடியிலும் அதே தொகுப்பு. எது எங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் ஈரல் ஈரலாகவும் மடி மடியாகவும் ஆகிறது. வேலை செய்யும் மரபணு தன்னை ஆர்என்ஏ நகலாக எடுத்து அனுப்பும். அந்த நகல்களை எண்ணினால் அதன் உழைப்பு தெரிந்துவிடும். எண்ணுவதற்கு ஒரு யந்திரம். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி உள்ளே வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். எத்தனையாவது சுற்றில் ஒளி ஒரு கோட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்பார்கள். சீக்கிரம் தாண்டினால் நகல் அதிகம், தாமதமானால் குறைவு. ஒரு சுற்று வித்தியாசம் என்றால் இரண்டு மடங்கு வித்தியாசம்.

ஆனால் ஒரு மாட்டிலிருந்து எடுத்த தசைத்துண்டு கடுகளவு, இன்னொன்றில் மிளகளவு. ஒன்று உடனே உறைந்தது, ஒன்று வெயிலில் காத்திருந்தது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட, எந்த மாட்டிலும் எந்த நிலையிலும் ஒரே அளவாக வேலை செய்யும் ஒரு மரபணுவைத் துணைக்கு வைத்து, அதற்கு ஒப்பிட்டுத்தான் மற்றவற்றைச் சொல்ல வேண்டும். அந்தத் துணைதான் குறிப்பு மரபணு. அது மாறாது என்பதுதான் ஏற்பாட்டின் உயிர். 2001-இல் லிவாக், ஷ்மிட்கன் என்ற இருவர் இதற்கான கணக்கு முறையை எழுதினார்கள். உயிரியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அது ஒன்று. இரண்டு கட்டக் கழித்தல், ஒரு அடுக்கு, விடை கையில். குறிப்பு மரபணு அசையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள் என்பதும் அந்த முறையோடு சேர்ந்ததுதான். சூத்திரத்தை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், நிபந்தனையை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை நிழலில் மேயும் ஒரு மாடு, வெட்டவெளி வெயிலில் நாள் முழுக்க நின்ற ஒரு மாடு. வெயிலில் எச்எஸ்பி 70 என்ற வெப்ப மரபணு எகிறுகிறதா என்று பார்க்க வேண்டும். நிழல் மாட்டில் அது 24-ஆவது சுற்றில் தெரிந்தது. வெயில் மாட்டிலும் 24. அதாவது ஒன்றும் நடக்கவில்லை. டத்தோவோ நிழலில் 18-ஆவது சுற்றில் வந்தவர், வெயில் தாங்காமல் பாதியாகச் சுருங்கி 19-இல் வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கழியுங்கள். நிழலில் ஆறு, வெயிலில் ஐந்து. வித்தியாசம் ஒன்று. விடை: வெப்ப மரபணு இரண்டு மடங்கு கூடியிருக்கிறது! பால்காரர் படியின் அடியில் ஒடுக்கு விழுந்தால் அதே பால் கூடுதல் படியாகத்தான் கணக்கில் வரும். ஆனால் பால்காரரை வாடிக்கைக்கார அம்மா மறுநாளே வாசலில் நிறுத்திக் கேட்டுவிடுவாள். இங்கே அப்படிக் கேட்க யாருமில்லை. "வெப்ப அழுத்தத்தில் எச்எஸ்பி 70-இன் இருமடங்கு உயர்வு" என்று தலைப்பு வைத்து, பட்டை வரைபடம் போட்டு, தலையில் இரண்டு நட்சத்திரக் குறியும் இட்டு, கட்டுரை அச்சாகிவிடும். மாட்டுக்கு எதுவும் ஆகவில்லை. ஆராய்ச்சியாளருக்குப் பதவி உயர்வு ஆகிவிட்டது.

டத்தோவின் பணிப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டுவோம். இன்சுலின் வந்தால் இவர் கூடுவார். ஆக்ஸிஜன் குறைந்தால் கூடுவார். புற்றுநோய்த் திசுக்களில் தாறுமாறாக ஏறுவார். சர்க்கரையை உடைக்கும் வேலைக்காரர், சர்க்கரையின் போக்கு மாறினால் இவர் போக்கும் மாறத்தானே செய்யும்? தீவனத்தை மாற்றி மாட்டின் தசையில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆய்வில், தீவனத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒருவரை நடுவராக உட்கார வைப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இதே நடுவர் பதவியில் இருக்கும் அவர் தம்பி பீட்டா ஆக்டின் இன்னும் ஒரு படி மேல். உயிரணுவின் எலும்புக்கூட்டைக் கட்டுபவர். தசை முதிரும்போது அந்த வேலையை ஆல்ஃபா ஆக்டினிடம் ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்டுவார். கன்றின் தசை வளர்ச்சியை அளக்கும் கட்டுரைகளிலும் அவர் அசையாத தூணாக நிற்கிறார். மூன்றாம் நடுவர் 18 எஸ் என்ற ஆர்என்ஏ. இவர் அளவுக்கு மீறி நிறைந்திருப்பவர். மற்ற மரபணுக்கள் இருபதைத் தாண்டித் தலைகாட்டும்போது இவர் பத்தை எட்டும் முன்பே வந்து நிற்பார். போதாக்குறைக்கு இவருக்கு மற்ற ஆர்என்ஏக்களைப்போல வால் கிடையாது. வாலைப் பிடித்து நகலெடுக்கும் முறையில் இவர் ஒழுங்காக அகப்படவே மாட்டார். அகப்படாதவரை வைத்து அகப்பட்டவர்களை அளப்பார்கள்.

இதெல்லாம் ரகசியம் ஒன்றும் கிடையாது. 2002-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் வான்டெசொம்பெலெ குழு இதை எண்ணாகவே போட்டுக் காட்டியது. ஒரே ஒரு குறிப்பு மரபணுவை நம்பினால், நான்கில் ஒரு தடவை விடை மூன்று மடங்குக்கு மேல் பிசகும்; பத்தில் ஒரு தடவை ஆறு மடங்குக்கு மேல் பிசகும். பல மரபணுக்களைச் சோதித்து, அதில் நிலையானவற்றைப் பொறுக்கி, அவற்றின் பெருக்கல் சராசரியை அளவாக வை என்றார்கள். அதற்கு ஜிநார்ம் என்று ஒரு நிரலையும் கொடுத்தார்கள். 2004-இல் டென்மார்க்கிலிருந்து நார்ம்ஃபைண்டர், ஜெர்மனியிலிருந்து பெஸ்ட்கீப்பர். ஜெர்மன்காரர் கொடுத்தது வெறும் எக்செல் தாள். எக்செல் திறக்கத் தெரிந்தவர் எவரும் பயன்படுத்தலாம். நம் பல்கலைக்கழகங்களில் எக்செல் திறக்கத் தெரியாதவர் எவரும் இல்லை. பயண அலவன்ஸ் படிவம் அதில்தான் இருக்கிறது.

நான் டத்தோவுக்குப் பரம எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 2005-இல் அதே கென்ட் நகரத்தில் கூசன்ஸ் குழு, மாட்டின் ஆரம்பக் கருக்களில் பல மரபணுக்களை நிற்கவைத்துப் பரீட்சை நடத்தியது. தேறிய மூவரில் ஒருவர் நம் ஜிஏபிடிஎச். மற்ற இருவர் ஒய்டபிள்யூஎச்ஏஇசட், எஸ்டிஎச்ஏ. பரீட்சை எழுதித் தேறியவருக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். அந்தச் சான்றிதழ் கருவுக்கு மட்டும் வாங்கியது. அதை நகலெடுத்துத் தசைக்கும் ஈரலுக்கும் மடிக்கும் ஒட்டிக்கொள்வதைத்தான் மோசடி என்கிறேன். 2009-இல் ஸ்டீபன் பஸ்டினும் உடனிருந்தவர்களும் எம்ஐகியூஇ என்ற நெறிமுறையை வெளியிட்டார்கள். நிலையானது என்று நீ நிரூபிக்காத ஒற்றைக் குறிப்பு மரபணுவை ஏற்க முடியாது என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். 2025-இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. நெறிமுறை புதுப்பிக்கப்பட்டது, டத்தோவின் பதவியும் கூடவே புதுப்பிக்கப்பட்டது.

ஏன் அவரையே எடுத்தீர்கள் என்று எந்தக் கருத்தரங்கிலாவது எழுந்து கேட்டுப் பாருங்கள். மேடையில் இருப்பவர் கோபப்பட மாட்டார், பரிதாபமாகப் பார்ப்பார். "எல்லாரும் அதைத்தான் போடுறாங்க." இன்னொருவர் உண்மையைச் சொல்வார்: "பிரைமர் ஃப்ரீசர்ல ஏற்கெனவே இருந்துச்சு." எந்த மரபணுவை நகலெடுக்க வேண்டும் என்று அடையாளம் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுதான் பிரைமர். இந்த இரண்டாவது ஆளை எனக்குப் பிடிக்கும். நிலைத்தன்மை, புள்ளியியல் என்று எதையும் சொல்லி ஏமாற்றவில்லை. குளிர்பெட்டியில் மிச்சம் இருந்தது, போட்டுவிட்டோம். இதைப் போய்த் திருத்து என்று சொல்ல வேண்டிய மதிப்பீட்டாளரும் தன் கட்டுரையில் அதே புட்டியைத்தான் திறந்தவர். பல்கலைக்கழகத்துக்கு ஆண்டு முடிவில் கட்டுரை எண்ணிக்கை வேண்டும். ஸ்கோபஸ் பட்டியலில் எத்தனை ஏறியது, தரவரிசையில் எத்தனை படி ஏறினோம் என்று பதாகை கட்ட வேண்டும். பத்து மரபணுக்களைச் சோதித்துக்கொண்டிருந்தால் பதாகையின் துணி வெளுத்துவிடும்.

சரி, மாட்டுக்கு வருவோம். பேராக்கின் மாடுகளுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அதில் பாதி நம்முடையது. சஞ்சிக்கூலியாகக் கப்பலேறி வந்த தலைமுறை பால்மரக் காட்டோரம் மாடு கட்டியது. விடியுமுன் மரம் சீவப் போய், திரும்பி வந்து பால் கறந்து, கிராணி வீட்டுக்கும் துரை பங்களாவுக்கும் ஊற்றியது. இந்தியாவிலிருந்து வந்த அந்தப் பால்மாட்டு வம்சத்துக்கு மலேசியக் கால்நடைத் துறை "லோக்கல் இந்தியன் டெய்ரி" என்று பெயர் சூட்டித் தனி இனமாகவே வைத்திருக்கிறது. மாட்டுக்கு இனம் என்ற அந்தஸ்து கிடைத்துவிட்டது. ஓட்டி வந்தவனுக்கு நீல அடையாள அட்டை கிடைக்காமல் எத்தனை பேர் சிவப்பு அட்டையோடு செத்தார்கள் என்பதைத் துறை வேறு கணக்கில் வைத்திருக்கும்.

இந்த மாடுகள் திமில் மாடுகள். ஐரோப்பிய மாட்டிலிருந்து பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த கிளை. ஆனால் மாட்டு மரபணு ஆராய்ச்சி முழுக்க எந்தப் பசுவை வைத்து நடக்கிறது தெரியுமா? அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருந்த டாமினெட் என்ற ஹெரிஃபோர்டு பசு. 2009-இல் வெளியான மாட்டின் மரபணு வரைபடம் அந்த அம்மையாருடையது. பனிக்காலத்தில் முழங்கால் பனியில் நிற்கும் ஊரில் பிறந்தவர். நெல்லூர் மாட்டு வம்சத்தின் வரைபடம் 2012-இல் தனியாக வந்தது, வந்தும் பெரும்பாலோர் டாமினெட்டையே பார்த்து பிரைமர் எழுதுகிறார்கள். பிரைமர் ஒட்டும் இடத்தில் திமில் மாட்டில் ஓரெழுத்து மாறியிருந்தால் நகலெடுப்பு தடுமாறும், சுற்று எண் தள்ளிப்போகும். அப்போது நம் சுங்கை சிப்புட் மாட்டுக்கு "வெளிப்பாடு குறைவு" என்று முத்திரை. மொழி புரியாத கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுப் பையன் மக்கு என்று எழுதும் பழக்கம் நமக்குப் புதிதல்ல, அதனால் யாருக்கும் உறுத்துவதில்லை.

மாதிரி எடுக்கும் காட்சியை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். மாட்டை மரத்தோடு அணைத்துக் கட்டியிருக்கும். வால் விசிறும் வீச்சில் ஈயும் பறக்கும், ஆராய்ச்சி மாணவியின் மூக்குக்கண்ணாடியும் பறக்கும். மயக்க ஊசி போட்டு, தோலைச் சுண்டைக்காய் அளவு கீறி, ஊசியால் தசையைக் கிள்ளி எடுப்பார்கள். அந்த நொடியிலிருந்து ஆர்என்ஏ அழியத் தொடங்குகிறது. அதைத் தின்னும் நொதி நம் விரல் வியர்வையில் இருக்கிறது, தூசியில் இருக்கிறது, மாட்டின் துண்டுக்குள்ளேயே இருக்கிறது. திரவ நைட்ரஜனில் உடனே போட வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதையில் நைட்ரஜன் குடம் வருவது அபூர்வம், ஐஸ்பெட்டிதான் வரும். அந்த ஐஸ் ஈப்போ வந்து சேர்வதற்குள் பாதி தண்ணீர், சிலாங்கூர் போய்ச் சேர்வதற்குள் முழுக்கத் தண்ணீர். ஆர்என்ஏவின் ஆரோக்கியத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் கருவி இருக்கிறது. அந்த மதிப்பெண்ணைக் கட்டுரையில் தேடிப் பாருங்கள். தேடிக்கொண்டே இருங்கள்.

ஊசி ஏற்றிப் போனவர்கள் திரும்பி வருவதில்லை. மாட்டுக்காரர்தான் கேட்டுக்கொண்டிருப்பார். "தம்பி, ரத்தம் எடுத்தீங்க, சதையும் எடுத்தீங்க. ரிசல்ட்டு என்னாச்சு? நம்ம மாட்டுக்கு என்னவாம்?" "இன்னும் எழுதிக்கிட்டிருக்கோம் அண்ணே." எழுதி முடித்து, ஆங்கிலத்தில் அச்சாகி, பணம் கட்டினால் மட்டும் திறக்கும் இதழில் பூட்டிவைத்த பிறகும் அண்ணனுக்குப் பதில் அதுதான்.

அளவுகோலைச் சோதிக்காமல் முடிவு எடுத்தால் என்ன ஆகும் என்று ஈப்போக்காரனுக்குப் பாடம் நடத்த பெல்ஜியம் தேவையில்லை. 1998 செப்டம்பர் கடைசியில் இந்தக் கிந்தா மாவட்டத்தில்தான் ஆரம்பித்தது. பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள், மூளை வீங்கிச் செத்தார்கள். சிலரின் ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் தடயம் தெரிந்தது. அவ்வளவுதான், ஜே.இ. என்று முத்திரை விழுந்தது. ஊரெங்கும் கொசுப் புகை, பன்றிக்கும் தடுப்பூசி, மனிதனுக்கும் தடுப்பூசி. ஜே.இ. பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் நோய், இங்கே சாவதோ திடமான ஆண்கள். கொசு எல்லாரையும் கடிக்கும், இங்கே விழுவதோ பன்றியைத் தொட்டவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுகிறார்கள். கண்ணெதிரே இத்தனை மாறியும் முத்திரை மாறவில்லை. நோய்ப்பட்ட பன்றிகள் லாரி ஏறித் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போயின. அடுத்த ஆண்டு மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது நிப்பா என்று தெரிந்தது. அதற்குள் புகையடித்த பெருமக்கள் எத்தனை முறை நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அறிக்கை விட்டிருப்பார்கள்! மலேசியாவில் நோய்ப்பட்டோர் 265, இறந்தோர் 105. சுட்டுக் குழியில் தள்ளிய பன்றிகள் பத்து லட்சத்துக்கும் மேல். புகையடிக்கச் சொன்ன எவருடைய ஓய்வூதியத்திலும் ஒரு காசு குறைந்ததாகச் செய்தி இல்லை.

சுற்றுகளை எண்ணும் நம் யந்திரம் மேல்நாட்டிலும் ஆட்டம் காட்டியது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியால் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வருகிறது என்று 1998-இல் வேக்ஃபீல்டு கிளப்பிய புரளிக்கு, டப்ளின் ஆய்வுக்கூடம் ஒன்று இதே சுற்று எண்களைக் கொண்டு முட்டுக்கொடுத்தது. பிள்ளைகளின் குடலில் தட்டம்மை வைரஸ் இருக்கிறதாம். நெறிமுறை எழுதிய அதே பஸ்டின் அந்தக் கூடத்தின் குறிப்பேடுகளைப் புரட்டி, 2007-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் இந்தத் தடுப்பூசி தொடர்பான வழக்கில் சாட்சி சொன்னார். தட்டம்மை வைரஸ் ஆர்என்ஏ வைரஸ். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் படியையே விட்டுவிட்ட மாதிரிகளிலும் அதே எண் வந்திருந்தது. அப்படியானால் அளந்தது வைரஸை அல்ல, மாசுபட்ட டிஎன்ஏவை. 2009-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது, 2010-இல் வேக்ஃபீல்டின் கட்டுரையை லான்செட் இதழ் திரும்பப் பெற்றது. தடுப்பூசி போடாமல் விட்ட பிள்ளைகளைத் திரும்பப் பெறும் வசதி எந்த இதழிலும் கிடையாது.

இனி நம் அரசாங்கத்தின் சொந்த டத்தோ. வறுமைக்கோடு. நாட்டுச் சராசரியாக ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்று இருந்தது. அதற்குக் கீழே போனால் ஏழை. 981 வெள்ளி வாங்கும் ஆறு பேர் கொண்ட குடும்பம் வசதியான குடும்பம். அந்தக் கோட்டை வைத்து அளந்ததில் 2016-இல் நாட்டில் வறுமை 0.4 விழுக்காடு. உலகமே வியக்க வேண்டிய சாதனை. சுவிட்சர்லாந்துக்காரன் வந்து நம்மிடம் பாடம் படித்திருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்தார், சுற்றிப் பார்த்தார், இந்தக் கோடு கேலிக்கூத்து என்ற பொருள்பட அறிக்கை கொடுத்தார். உடனே வந்ததே கோபம்! எங்கள் கணக்கு சர்வதேச முறைப்படி போட்ட கணக்கு என்றார்கள். எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்று மேடையில் கேட்ட அதே குரல், கோட்டும் டையும் மட்டும் வேறு. பதினொரு மாதம் கழித்து, 2020 ஜூலையில், சத்தமில்லாமல் கோட்டை 2,208 வெள்ளிக்கு நகர்த்தினார்கள். வறுமை 5.6 விழுக்காடு ஆனது. 4 லட்சத்து 5 ஆயிரம் குடும்பங்கள் ஒரே அறிவிப்பில் ஏழைகளாயின. அறிவிப்புக்கு முந்தின நாள்வரை அவர்கள் என்ன சாப்பிட்டார்களாம்? அளக்கிற கோடு தவறாக இருந்த ஆண்டுகளில் உதவித் தொகை மறுக்கப்பட்டவனுக்கு நிலுவை யார் கொடுப்பார்?

அந்த ஆண்டுகளில்தான் பேராக்கில் பால்மரம் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், செம்பனை சாய்த்து வீடமைப்பு கட்டினார்கள். லயத்தைவிட்டு இறக்கப்பட்டவர்களுக்கு மிஞ்சியது மாடுகள். மாடு மேய்க்க நிலம் இல்லை, செம்பனைக் காட்டில்தான் மேய்க்க வேண்டும். செம்பனைக்கிடையில் மாடு வளர்த்தால் களைக்கொல்லிச் செலவு குறையும், நாட்டுக்கு இறைச்சி கிடைக்கும் என்று அரசு நிறுவனங்களே துண்டுப்பிரசுரம் போட்டிருக்கின்றன. அதற்கு ஒருங்கிணைப்புத் திட்டம் என்று பெயர். பிரசுரத்தில் இருக்கும் மாடு ஒருங்கிணைப்பு. முன்னாள் தொழிலாளியின் மாடு அதே புல்லைத் தின்றால் அத்துமீறல். நோட்டீஸ் வரும், மாட்டை அப்புறப்படுத்து என்று. கையில் மனுவோடு அவர்கள் ஈப்போவில் மாநில அரசு அலுவலக வாசலில் நிற்பார்கள், மலேசிய சோசலிசக் கட்சிக்காரர்கள் கூட நிற்பார்கள். படம் எடுத்துப் போடுவதோடு செய்தித்தாளின் கடமை முடிந்துவிடும்.

இந்த நாட்டில் மாட்டுக்குப் பணமே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தேசிய ஃபீட்லாட் நிறுவனத்துக்கு 25 கோடி வெள்ளி, சொற்ப வட்டியில், அரசாங்கக் கடனாகப் போனது. கெமாஸில் மாடு பெருகி நாடு இறைச்சியில் தன் காலில் நிற்கும் என்றார்கள். இலக்கில் பாதிகூட எட்டவில்லை என்று 2010-ஆம் ஆண்டின் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. மக்கள் அப்போது அதிகம் பேசியது மாட்டைப் பற்றியல்ல, பங்சாரில் வாங்கிய ஆடம்பர அடுக்குமாடி வீட்டைப் பற்றி. இன்றும் நாம் தின்னும் மாட்டிறைச்சியில் கால்வாசிகூட உள்நாட்டில் உற்பத்தியாவதில்லை. மிச்சம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் உறைந்த பெட்டிகளில் இந்தியாவிலிருந்தும் வருகிறது. சுங்கை சிப்புட்டில் இருபது மாட்டை வைத்துக்கொண்டு நோட்டீஸுக்குப் பதில் எழுதத் தெரியாமல் நிற்பவனை, உணவுப் பாதுகாப்புக் கொள்கைக்கு இடைஞ்சல் என்று எழுதும் அதிகாரியின் மேசையில் எந்த அளவுகோல் இருக்கிறது? அதை எந்த மாட்டில் சோதித்தார்?

ஈப்போவிலேயே கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது, சுல்தான் அஸ்லான் ஷா சாலையில், தோட்டத்திலிருந்து ஒரு மணி நேர ஓட்டம்கூட இல்லை. யந்திரத்துக்கும் படித்த பிள்ளைகளுக்கும் நாட்டில் பஞ்சமில்லை. பேராக்கின் செம்பனைக் காட்டு மாட்டில், வெயிலிலும் நிழலிலும், தசையிலும் ஈரலிலும், எந்த மரபணு அசையாமல் நிற்கிறது என்று ஒரு பரீட்சை வையுங்கள். வேட்பாளர்களாகப் பத்து மரபணு போதும், டத்தோவும் வரிசையில் நிற்கட்டும், விலக்கு வேண்டாம். 96 குழித் தட்டுகள் சில போதும். ஒரு கருத்தரங்கின் விருந்துச் செலவில் அடங்கிவிடும். சுற்று எண்களை ஒளிக்காமல் பொதுவில் போடுங்கள். மாட்டுக்காரருக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். மானியக் குழுவில் உட்காரும் பெருமக்களே, மதிப்பீடு எழுதும் பேராசிரியர்களே, மாடு இருக்கும்போதே வாருங்கள். நோட்டீஸில் கடைசித் தேதி போட்டிருக்கிறார்கள்.